இருபதா, பத்தும் பத்துமா?

சிம்மக்கல்லில் மருந்துக்கடை வாசலில் நின்று மாமா இரண்டு அட்டைகளை மாறி மாறிப் பார்த்தார். பழையதில் கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். புதியதில் அதே மருந்து 10, கூடவே எசெட்டிமைப் 10.

"என்ன மாப்ள, டாக்டரு பாதியாக் கொறச்சுட்டாரு?"

குறைக்கவில்லை மாமா, துணைக்கு ஆள் சேர்த்திருக்கிறார் என்றேன். ரோசுவாஸ்டாட்டின் மாதிரி ஸ்டாட்டின் வகை மருந்துகள் கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியை மட்டுப்படுத்தும். எசெட்டிமைப், கொழுப்பு குடல்வழி ஏறுவதைத் தடுக்கும். ஸ்டாட்டினை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு மேற்கொண்டு 6 சதவீதம் போலத்தான் இறங்கும். எசெட்டிமைப் சேர்த்தால் கிட்டத்தட்ட 20.

இந்த இரண்டு அட்டைகளையும் தென் கொரியாவில் நேருக்கு நேர் சோதித்திருக்கிறார்கள். 3,780 இதய, ரத்தக்குழாய் நோயாளிகள், 3 வருடம். 2022இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு போன்றவை கூட்டு மாத்திரைப் பக்கம் 9.1 சதவீதம், 20 மில்லிகிராம் பக்கம் 9.9. ஏறக்குறைய சமம்தான். ஆனால் ஒத்துக்கொள்ளாமல் மருந்தை நிறுத்தியவர்கள், குறைத்தவர்கள்? கூட்டில் 4.8, மற்றதில் 8.2. இந்த 20ஐப் போட்டுத் தொடை வலிக்கிறதென்று தெப்பக்குளம் நடையையே விட்டுவிட்ட மாமாவுக்கு என் ஓட்டு கூட்டு மாத்திரைக்குத்தான்.

அதற்காகக் கூட்டு என்றாலே நல்லது என்றில்லை. டார்செட்ராபிப் என்றொரு மருந்தை அடார்வாஸ்டாட்டினோடு சேர்த்தார்கள். ஆரம்பச் சோதனைகளில் நல்ல கொழுப்பு எகிறியது. ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறியது. அப்புறம் 15,000 பேரிடம் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையை 2006 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்தினார்கள். நல்ல கொழுப்பு 72 சதவீதம் கூடியிருந்தது. இறந்தவர்கள் 93 பேர்; அடார்வாஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களில் 59. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்திருந்தால் கைதட்டியிருப்போம்.

எசெட்டிமைப்–சிம்வாஸ்டாட்டின் கதை நேர் எதிர். 2004இல் அமெரிக்காவில் அனுமதி. 2008இல் கழுத்து ரத்தக்குழாயை அளந்து பார்த்துப் பலனில்லை என்றார்கள். 18,000 பேரை வைத்துப் பார்த்த முடிவு 2014இல் வந்தபோது, 7 வருடத்தில் பாதிப்பு சிம்வாஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களில் 34.7 சதவீதம், கூட்டு எடுத்தவர்களில் 32.7. கொஞ்சம்தான், ஆனால் இது லேப் எண் இல்லை, ஆள் கணக்கு.

2025இல் ஒபிசெட்ராபிப்–எசெட்டிமைப் கூட்டு எல்டிஎல்லை ஏறத்தாழ 49 சதவீதம் இறக்கியது. 407 பேர், 84 நாள் கணக்கு. ஒபிசெட்ராபிப், டார்செட்ராபிப்புக்குப் பங்காளி முறை. அந்த வரிசையில் நான் இப்போது மாமாவை நிறுத்த மாட்டேன்.

பழைய அட்டையில் ஆறு மாத்திரை மிச்சமிருந்தது. "காசு போட்டு வாங்குனதுல்ல, இதையும் சேத்தே போட்டு முடிச்சிரவா?" என்றார். சரி, குடுங்க என்று வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.