கண்புரை அறுவை: ஃபேகோ, சிறு கீறல், லேசர் இவற்றில் எது பாதுகாப்பானது?

கண்புரையை அகற்ற இன்று மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. இவற்றில் விலை கூடியதே பாதுகாப்பும் கூடியது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், சோதனை முடிவுகள் அதற்கு ஆதரவாக இல்லை.

1967-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய ஃபேகோ முறையில், கருவிழியின் (கண்ணின் முன்புற ஒளிபுகும் படலமான கார்னியாவின்) ஓரத்தில் 2 முதல் 3 மி.மீ. மட்டும் கீறி, மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். கீறல் சிறியது என்பதால் கண்ணுக்குள் அழுத்தம் பெரிதும் நிலையாக இருக்கிறது. பெரும்பாலும் தையல் தேவைப்படுவதில்லை. அறுவையால் கருவிழியின் வளைவு மாறிப் புதிதாக உண்டாகும் சிலிண்டர் பவரும் குறைவு. மென்மையான, நடுத்தரப் புரைகளுக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

முற்றி இறுகிப் பழுப்பேறிய புரையில் நிலைமை மாறுகிறது. அதை உடைக்க அதிக ஆற்றல் செலவாகும்போது, கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் உள்படலச் செல்கள் சேதமடைகின்றன. இழந்த செல்கள் மீண்டும் வளர்வதில்லை என்பதால் சேதம் மிகுந்தால் கருவிழி நிரந்தரமாக வீங்கிவிடலாம். அத்தகைய கண்ணில், வெண்விழியில் 6 முதல் 7 மி.மீ. அகலத்துக்குச் சுரங்கப்பாதை அமைத்துப் புரையை முழுதாக வெளியே எடுக்கும் சிறு கீறல் முறையே, தேர்ந்த கைகளில், பல நேரங்களில் உகந்தது. ஆனால் புரையின் கடினமான நடுப்பகுதியான பெரிய உட்கரு, கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறை வழியே வரும்போது அதே செல்களை உரசக்கூடும். அதைத் தடுக்கப் பாகுத்திரவத்தைத் தாராளமாகச் செலுத்த வேண்டும்.

ஃபெம்டோசெகண்ட் லேசர், லென்ஸ் உறையில் துல்லியமான வட்டத் திறப்பை இட்டு, புரையைத் துண்டாக்கித் தருகிறது. அவற்றை உறிஞ்சி எடுக்கப் பிறகும் ஃபேகோவே தேவை. பிரிட்டனிலும் பிரான்சிலும் நடந்த, 2020-ல் வெளியான பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளில் வழக்கமான ஃபேகோவைவிட இது மேலானதென நிறுவப்படவில்லை, செலவோ அதிகம்.

பார்வையையே பறிக்கக்கூடிய உட்கண் தொற்றைத் தடுப்பதில், முறையைவிட முன்னெச்சரிக்கையின் பங்கே பெரிது. கீறலுக்கு முன் கண்ணில் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை இடுவதும், முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்துவதும் மூன்றுக்கும் பொருந்தும். செஃப்யூராக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தாதவர்களிடம் தொற்று ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக இருந்ததை 2007-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அம்மருந்து அறுவையின்போது கண்ணின் பாப்பாவைச் சுருங்கவும், அதைச் சுற்றியுள்ள நிறத்திரையான கதிராளியைத் தளரவும் செய்யும். நிறுத்திவிட்டாலும் விளைவு நீங்கும் என்ற உறுதி இல்லை. முன்பே தெரிந்தால், கதிராளியை விலக்கிப் பிடிக்கும் கொக்கிகளுடன் மருத்துவர் ஆயத்தமாக இருப்பார்.