டஸ்கனியில் எங்கே சாப்பிடலாம்: ஊருக்குள் உணவகமா, வெளியே பண்ணை வீடா?

இத்தாலியின் டஸ்கனிப் பக்கம் போகிறவர்கள், அந்த மண்ணில் விளைந்ததை அங்கேயே சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டு வழி இருக்கிறது. சியனா, பியென்சா, மோந்தெபுல்சியானோ மாதிரி ஊர்களுக்குள் ‘கிலோமீட்டர் ஜீரோ’, அதாவது பக்கத்திலேயே விளைந்தது என்று பலகையில் எழுதி வைத்திருக்கும் உணவகங்கள் ஒன்று. ஊருக்கு வெளியே மண் ரோட்டில் போய்ச் சேர வேண்டிய அக்ரிதுரிஸ்மோ இன்னொன்று. விவசாயி தன் பண்ணையிலேயே அறை வாடகைக்கு விட்டு, சமைத்தும் போடும் இடம் அது. போன நவம்பரில் வால் தோர்சா பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு போனபோது இரண்டிலும் சாப்பிட்டோம். அடுத்த முறை போனாலும் என் ஓட்டு பண்ணைக்குத்தான்.

ஊருக்குள் சாப்பிடுவதில் உள்ள சௌகரியம் எல்லோருக்கும் தெரிந்தது. சுற்றி முடித்துக் கால் கெஞ்சும்போது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடலாம். வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்ற மேசைக் கட்டணமாக ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேரும். அது ஏமாற்று இல்லை, அந்த ஊர் வழக்கம். சமையலையும் குறை சொல்ல மாட்டேன். பியென்சாவில் செம்மறியாட்டுப்பால் பெக்கோரினோ சீஸை வாட்டித் தேன் ஊற்றித் தந்தார்கள். இன்னொரு தட்டு கேட்டு வாங்கினோம்.

சரி, பிறகு ஏன் பண்ணை? தட்டில் இருப்பது இங்கே விளைந்ததுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற ஒரே கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது. ருசி, விலை, வேடிக்கை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இதன் பின்னணி கொஞ்சம் தெரிந்தால் நல்லது. டஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக நடந்தது வாரச் சாகுபடி, அதாவது விளைச்சலைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறை. குடியானவர் குடும்பம் நிலத்திலேயே ஒரு கல் வீட்டில் இருந்து உழைக்கும். விளைச்சலில் பாதி நிலக்காரருக்குப் போகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆட்கள் கூட்டம் கூட்டமாக நகரத்துக்கும் ஆலை வேலைக்கும் போனார்கள். 1964இல் புதிதாக இந்தப் பங்கு ஒப்பந்தம் போடுவதையே அரசு தடை செய்தது. குன்றுகளின் மேல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. விவசாயிக்கு நிலத்தை விட்டுப் போகாமல் இருக்கக் கூடுதலாக ஒரு வருமானம் வேண்டும் என்று வந்ததுதான் 1985ஆம் ஆண்டின் அக்ரிதுரிஸ்மோ சட்டம். இப்போது நடப்பில் இருப்பது 2006ஆம் ஆண்டின் 96ஆம் எண் சட்டம்.

அந்தச் சட்டம் சொல்வதைக் கவனியுங்கள். நடத்துகிறவர் விவசாயியாக இருக்க வேண்டும். விருந்தினர் வேலையைவிட விவசாய வேலையே பெரிதாக இருக்க வேண்டும். எதற்கு எவ்வளவு உழைப்பு நேரம் போகிறது என்பது அதில் முக்கியமான கணக்கு. பரிமாறும் உணவில் கணிசமான பங்கு சொந்தப் பண்ணையில் விளைந்ததாகவும், அதோடு சேர்வது அக்கம்பக்கத்துப் பண்ணைகளுடையதாகவும் இருக்க வேண்டும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை அந்தந்த மாநில நிர்வாகம் முடிவு செய்கிறது. தன் கோதுமையை வெளி ஆலையில் அரைத்துக்கொண்டு வந்தால் அதுவும் சொந்த விளைச்சல்தான். காபி, சர்க்கரை எல்லாம் கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும், அதை யாரும் மறைப்பதில்லை.

ஊருக்குள் இருக்கும் உணவகத்துக்கு இப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ‘கிலோமீட்டர் ஜீரோ’ என்ற பேருக்கே 2022இல்தான் சட்டத்தில் ஒரு வரையறை வந்தது: விற்கும் இடத்திலிருந்து 70 கிலோமீட்டருக்குள், அல்லது அதே மாவட்டத்துக்குள் விளைந்திருக்க வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் சமைக்கிறவருக்கும் விளைவித்தவருக்கும் நடுவில் மொத்த வியாபாரியும் லாரியும் இருக்கலாம். பட்டியலில் ஓர் உணவு மட்டும் அப்படி இருந்து மற்றதெல்லாம் எங்கிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம்.

நாங்கள் கண்ணால் பார்த்ததும் அதுதான். ஓர் ஊரில், ‘கிலோமீட்டர் ஜீரோ’ பலகை வைத்திருந்த உணவகம் ஒன்றில், நவம்பர் பாதியில் தக்காளியும் பேசில் இலையும் போட்ட புருஸ்கெத்தா என்ற வாட்டிய ரொட்டி வந்தது. தக்காளி எந்தத் தோட்டம் என்று கேட்டோம். பரிமாறியவர் “மார்க்கெட்டில் வாங்குகிறோம்” என்று நேர்மையாகவே சொன்னார். தக்காளியில் குளிர்ச்சி இருந்தது, வாசனை இல்லை.

அதே வாரம் பண்ணையில் தக்காளி கண்ணிலேயே படவில்லை. முதலில் வந்தது ரொட்டி. டஸ்கனி ரொட்டியில் உப்பு போட மாட்டார்கள், வெறுமனே சாப்பிட்டால் சப்பென்று இருக்கும். அதை விறகுத் தணலில் இரண்டு பக்கமும் வாட்டி, சூட்டோடு பூண்டுப் பல்லை மேலே தேய்த்தார் பண்ணையில் சமைக்கும் அம்மா. சொரசொரப்பான ரொட்டியில் பூண்டு கரைந்துகொண்டே போனது. அப்புறம் ஒரு எவர்சில்வர் டின்னைச் சாய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றினார். காலையில்தான் ஆலையிலிருந்து வந்ததாம். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் காய் பறித்து ஆட்டிய புது எண்ணெய் பளிச்சென்று பச்சையாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். விழுங்கியதும் தொண்டையில் சுரீரென்று ஏறி என் பையன் இருமினான். அந்தக் காரத்துக்குக் காரணம் ஒலியோகாந்தல் என்ற பொருள். நாளாக ஆக அது குறைந்துவிடும். மேலே இரண்டு கல் உப்பு, அவ்வளவுதான். பிறகு கருங்கீரை போல இருக்கும் காவொலோ நேரோ என்ற முட்டைக்கோஸ் இனத்து இலையும் மொச்சை போன்ற வெள்ளை பீன்ஸும் பழைய ரொட்டியும் சேர்த்துக் கொதிக்க வைத்த ரிபொல்லித்தா என்ற சூப். பனி விழுந்த பிறகுதான் அந்த இலைக்கு ருசி ஏறும் என்றார். கொல்லையில் அந்தச் செடி வரிசையாக நின்றதை அன்று மாலைதான் பார்த்திருந்தோம்.

இதில் கஷ்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கார் இல்லாமல் முடியாது. நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும். இரவில் ஜல்லி ரோட்டில் விளக்கு கிடையாது. சாப்பாட்டோடு ஒயின் குடிப்பவர் என்றால் அதே பண்ணையில் தங்குவதுதான் சரி, ஏனென்றால் வண்டி ஓட்டுகிறவரின் ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால்தான் அங்கே வரம்பு. முன்கூட்டியே சொல்லாமல் போய் நின்றால் சோறு கிடைக்காது. அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அதுதான். எட்டு மணிக்கு எல்லோரும் உட்கார வேண்டும். ஆளுக்கு 35 யூரோ பக்கம் ஆனது. ஊருக்குள் இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டால் அதைவிடக் குறைவாகவே முடிக்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்னால் பாதிதான் சொல்ல முடியும், நாங்கள் அசைவம். மொச்சை, கொண்டைக்கடலை, மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து கையால் உருட்டும் பீச்சி பாஸ்தா என்று அங்கே நிறைய உண்டு. ஆனால் பெக்கோரினோவில் பெரும்பாலும் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைதான் சேர்ப்பார்கள். பன்றிக் கொழுப்பு சூப்பில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பண்ணையில் சமைப்பவரிடமே நேரடியாகச் சொல்லலாம் என்பது ஒரு வசதி. கோடையில் எப்படி, தெற்கே சிசிலிப் பக்கம் எப்படி என்பதெல்லாம் போய் வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்தது டஸ்கனியின் ஒரு மூலையை, அதுவும் எண்ணெய் ஆட்டும் பருவத்தில்.

கார் எடுக்க முடியாதவர்கள் ஊருக்குள் சாப்பிடும்போது பட்டியலில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். உறைய வைத்த பொருளுக்கு அங்கே அந்தக் குறி போடுவார்கள். பருவம் தப்பிய காய் இருந்தால் அதைத் தவிர்த்து, மொச்சை, கீரை, காளான் பக்கம் போகலாம். பண்ணைக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எல்லா அக்ரிதுரிஸ்மோவிலும் சாப்பாடு கிடையாது. சிலவற்றில் அறை மட்டும், சிலவற்றில் தங்குகிறவர்களுக்கு மட்டும் சாப்பாடு. அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன், இரவுச் சாப்பாடு எந்தெந்தக் கிழமைகளில் உண்டு என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.