இ-எம்டிபி பிரேமில் விரிசல்: வாரண்டியா, வெல்டிங்கா, கார்பன் ரிப்பேரா?

மின்சார மலைச் சைக்கிளின் பிரேமில் விரிசல் கண்டதும் மூன்று யோசனைகள் வரும்: கம்பெனி வாரண்டி, வெல்டிங், கார்பன் ரிப்பேர். ஆனால் பிரேம் அலுமினியமா கார்பனா, விரிசல் எந்த இடத்தில் என்ற இரண்டுமே முக்கால் முடிவை எடுத்துவிடும்.

முதலில் அது விரிசல்தானா, பெயிண்ட் மட்டும் வெடித்ததா என்று பார்க்க வேண்டும். எதையும் சுரண்டுவதற்கு முன் படமெடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் பெயிண்டை நீக்கி, சிவப்பு டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறிப்போகும் சாயம்) அடித்துச் சற்று ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால், உண்மையான விரிசல் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். கார்பனுக்கு அல்ட்ராசவுண்ட் சோதனைதான் நம்பகமானது.

வாரண்டி என்ற ஒரே பெயரில் இரண்டு உரிமைகள் குழம்பிக் கிடக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி குறைந்தது 2 ஆண்டு பொறுப்பு விற்ற கடைக்கு. முதல் ஆண்டில் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது கடைக்காரர். தயாரிப்பாளர் தரும் பிரேம் வாரண்டி இதிலிருந்து தனி. அது பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும், கூலியும் பல நேரம் சேராது. மோட்டார், வயரிங், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டுவது ஒரு முழு நாள் வேலை. பிரேம் இலவசம், பில் மட்டும் கனக்கும்!

இதைவிடப் பெரிய தொல்லை, பழைய மாடல் பிரேம் தீர்ந்துபோவது. புதிய தலைமுறை பிரேமில் மோட்டார் மவுண்ட் மாறியிருந்தால் பழைய மோட்டார் உட்காராது. மோட்டார் தயாரிப்பாளரான போஷின் ஸ்மார்ட் சிஸ்டத்தின் பேட்டரியும் டிஸ்ப்ளேயும் அதற்கு முந்தைய சிஸ்டத்தோடு சேராது. அதனால் "எந்த மோட்டார், எந்த பேட்டரி, எந்த ஷாக் அளவு" என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் மாற்று பிரேமுக்குச் சம்மதிக்காதீர்கள். செயின்ஸ்டேயில் (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்) மட்டும் விரிசல் என்றால் பின் சக்கரத்தைத் தாங்கும் பின் முக்கோணத்தைத் தனியாகக் கேளுங்கள். பாதித் தலைவலி குறையும்.

நிராகரிப்புக்கு வழக்கமான காரணங்கள்: சீட்போஸ்ட் குறைந்தபட்சச் செருகல் குறிக்கு மேலே இழுக்கப்பட்டிருப்பது, அனுமதித்ததைவிட நீளமான ஃபோர்க், மோட்டாரின் வேக வரம்பை நீக்கும் சிப். போஷில் 504 பிழை எழுந்ததென்றால் வேகக் கணக்கில் யாரோ கைவைத்ததாக மோட்டாரே சந்தேகப்படுகிறது என்று பொருள்.

வெல்டிங் மலிவு, ஆனால் 6061-டி6 என்ற, சூட்டால் பதப்படுத்தி வலுவேற்றிய அலுமினியத்தில் அது ஏமாற்று. வெல்டின் ஓரத்தில் டி6 பதம் போய்விடும். அங்கே ஈல்டு வலிமை (நிரந்தரமாக வளையாமல் தாங்கும் அளவு) பாதிக்கும் கீழே இறங்கும். பதத்தைத் திரும்பக் கொண்டுவர முழு பிரேமையும் சுமார் 530 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, தண்ணீரில் குளிர்வித்து, பின் 170 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் வைக்க வேண்டும். ஒற்றை பிரேமுக்காக இதைச் செய்யும் பட்டறை அரிது. செய்தாலும் பிரேம் கோணும் ஆபத்து உண்டு. 24 கிலோ சைக்கிளும் 85 நியூட்டன் மீட்டர் மோட்டாரும் அந்த ஓரத்தைத்தான் மறுபடி பிளக்கும்.

கார்பனில் நிலைமை தலைகீழ். சேதமான அடுக்குகளைச் சரிவாகத் தேய்த்து, அசல் இழைத் திசையிலேயே புதிய அடுக்குகளை வைத்து, வேக்கம் பையில் அழுத்திப் பதப்படுத்தினால் குழாய் நடுவிலுள்ள விரிசல் நன்றாகத் தேறும். இரண்டாம் கையாக வாங்கியவருக்கு, வாரண்டிக்கு அலைவதைவிட இதுவே மேல். மோட்டார் மவுண்டில் ஒட்டிய அலுமினியத் துண்டு கழன்றிருந்தால் நிலைமை வேறு; நல்ல ரிப்பேர்காரர்கள் பலர் அதைத் தொடமாட்டார்கள்.

எங்கே அனுப்பினாலும் பேட்டரியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். 100 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி அபாயகரமான சரக்கு. சாதாரண பார்சலாக அனுப்பக் கூடாது.