கல்பெப்பர் செம்மண்ணில் ஐந்து குளிர்காலம்: ஒரு மெட்டல் டிடெக்டர் அனுபவம்

ஐந்து குளிர்காலமாக மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் நான் அதிகம் சேர்த்தது ஆணிதான். கராஜில் மூன்று வாளி நிற்கிறது. "நம்ம ஊரா இருந்தா பழைய இரும்புக்காரன் பேரீச்சம்பழமாவது குடுத்திருப்பான்" என்கிறாள் மனைவி. நியாயம்தான்.

நாங்கள் நான்கு பேர். நான், ஒரு கோயம்புத்தூர்க்காரர், ஒரு திருநெல்வேலிக்காரர், எங்களை இதில் இழுத்துவிட்ட பக்கத்து வீட்டு அமெரிக்கர். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு 'சார்ஜென்ட்'. வடக்கு விர்ஜீனியாவில் இருந்து கல்பெப்பர் கவுன்டிக்குக் காரில் கிளம்புவோம். அங்கே ஒரு விவசாயி தன் மக்காச்சோள நிலத்தில் தோண்ட அனுமதி கொடுத்திருக்கிறார்.

ஏன் கல்பெப்பர்? அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் பொட்டோமாக் படை 1863 டிசம்பரில் இருந்து 1864 மே தொடக்கம் வரை இங்கேதான் குளிர்காலத்தைக் கழித்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல். சுற்றியிருந்த காட்டை வெட்டிக் குடிசை போட்டு, சமைத்து, சீட்டாடி, சட்டை தைத்து ஐந்து மாதம் இருந்துவிட்டு, மே 4 அன்று ராப்பிடான் ஆற்றைத் தாண்டிப் போனார்கள். சண்டை ஓரிரு நாளில் முடிந்துவிடும். மனிதன் பொருளைத் தொலைப்பது தூங்கி எழும் இடத்தில்தான். அதனால் போர்க்களத்தைவிட முகாம்தான் எங்களுக்குப் பிடித்த இடம்.

சரி, கருவிக்கு வருகிறேன். பிராண்டு பெயரைச் சொல்லப்போவதில்லை. விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம். 2019ல் வாங்கியது. ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்யும் வகை, தண்டின் நுனியில் 11 அங்குலத்தில் 'காயில்' எனப்படும் கம்பிச்சுருள் தட்டு, திரையில் எண் காட்டும். காயில் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. புதைந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகித் திருப்பி ஒரு புலம் வருகிறது. அது எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை வைத்து இரும்பா, ஈயமா, பித்தளையா என்று கருவி ஊகிக்கிறது. அந்த ஊகம்தான் எண். கடற்கரையிலும் எங்கள் வீட்டுப் புல்வெளியிலும் அது சொன்னால் சொன்னதுதான்.

கல்பெப்பரில் கதையே வேறு. அங்கே இருப்பது செம்மண். மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடே கருவிக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடும். அரை சாண் ஆழம் வரை எண்ணை நம்பலாம். ஒரு சாண் போனால் அருமையான ஈயக் குண்டைக்கூட 'இரும்பு' என்று கூசாமல் சொல்லும். முதல் வருடம் முழுக்க நான் திரையைப் பார்த்து, 'இரும்பு' என்றதை எல்லாம் தாண்டிப் போனேன். பின்னாலேயே வந்த சார்ஜென்ட் அதே இடங்களில் தோண்டிப் பையை நிரப்பினார்.

அவரிடம் இருப்பது பழைய பல்ஸ் கருவி. துடிப்பை அனுப்பிவிட்டு நிறுத்தி, உலோகத்தில் மின்னோட்டம் தேய்வதை மட்டும் கவனிக்கும். மண்ணின் சத்தம் அதற்குள் அடங்கிவிடும் என்பதால் ஆழம் அதிகம். ஆனால் எண் கிடையாது, ஒலி மட்டும்தான். ஆணிக்கும் கத்தும், பொத்தானுக்கும் கத்தும். முதுகு ஒடிந்துவிடும்.

இரண்டாம் வருடம் நான் திரையைப் பார்ப்பதை விட்டேன். சிக்னல் கேட்டால் அதைச் சுற்றிக் கால் வட்டம் நடந்து, குறுக்கே இன்னொரு தடவை வீசிப் பார்ப்பேன். நீளமான ஆணி என்றால் ஒரு பக்கம் ஒலி உடைந்துபோகும். உருண்டையான பொருள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும். வளைந்த ஆணி இதிலும் ஏமாற்றும். அதனால்தான் மூன்று வாளி.

அந்தப் போரின் துப்பாக்கிகளில் போட்ட ஈயக் குண்டான மினியே குண்டு முதன்முதலில் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. கட்டைவிரல் நுனி பருமன், .58 அங்குல விட்டம், அடியில் மூன்று வளையம், உள்ளே குழி. சுடும்போது வெடிமருந்து வாயு அந்தக் குழியை விரித்து, துப்பாக்கிக் குழலின் வரிப்பள்ளங்களில் ஈயத்தை இறுக்கிப் பிடிக்க வைக்கும். என்னுடையதில் வரித்தடம் எதுவும் இல்லை. யாரோ கைதவறிக் கீழே போட்டது. மேலே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு. அதைத் தேய்க்கக் கூடாது, தொட்டால் கையைக் கழுவிவிட வேண்டும், ஈய விஷம். அப்புறம் பல் தடம் பதிந்த குண்டுகளும் கிடைக்கும். வலி தாங்காமல் வீரன் கடித்தது என்று கதை சொல்லி விற்பார்கள். பெரும்பாலும் பன்றி மென்றது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காயிலைத் தண்டோடு பிணைக்கும் பிளாஸ்டிக் காது இரண்டாம் வருடமே விரிசல் விட்டது. எபாக்சி வைத்து ஒட்டியிருக்கிறேன். பேட்டரியை நாமே மாற்ற முடியாது, இப்போது பாதி நாள்தான் தாங்குகிறது. துணைக்கு வாங்கிய காரெட் பின்பாயின்டர் (குழிக்குள் பொருள் சரியாக எங்கே என்று காட்டும் சின்னக் கைக்கருவி) மட்டும் இன்றுவரை ஒரு தொந்தரவும் தரவில்லை. ஆரஞ்சு நிறம் என்பதால் இங்கே அதற்குக் 'கேரட்' என்றே பெயர்.

புதிதாக இறங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். தேசியப் பூங்காக்களில் தோண்டுவது மட்டுமல்ல, டிடெக்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம். கல்பெப்பரின் பழைய போர்க்களமான பிரான்டி ஸ்டேஷன் பக்கம் 2024ல் மாநிலப் பூங்கா வந்துவிட்டது. அந்தப் பக்கம் நாங்கள் தலைவைத்தும் படுப்பதில்லை. தனியார் நிலம், உரிமையாளர் அனுமதி, தோண்டிய குழியை மூடுவது, அவ்வளவுதான். குழியில் மாட்டின் கால் போனால் அனுமதியும் போச்சு.

இரண்டாவது, பீரங்கிக் குண்டு. மூன்றாம் வருடம் கோயம்புத்தூர்க்காரரின் மண்வெட்டி ஒரு இரும்புப் பந்தில் 'ணங்' என்று பட்டது. மனுஷர் ஆசையாகத் தூக்கப் போனார். சார்ஜென்ட் போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் வரப்பு வரை ஓடிவிட்டோம். விவசாயி போலீசைக் கூப்பிட, நிபுணர்கள் வந்து எடுத்துப் போனார்கள். 2008ல் இதே விர்ஜீனியாவில், அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் தன் வீட்டில் உள்நாட்டுப் போர்க் குண்டைச் சுத்தம் செய்யும்போது அது வெடித்து இறந்துபோனார். நூற்றைம்பது வருடம் மண்ணில் கிடந்தாலும் உள்ளே மருந்து மருந்துதான்.

போன பிப்ரவரியில் இருட்டும் நேரம், திரை 'இரும்பு' என்று அடித்துச் சொன்ன ஒரு சிக்னல். காதுக்கு மட்டும் ஏதோ உருண்டையாகக் கேட்டது. "தோண்டுங்கண்ணே, இன்னொரு ஆணிதானே" என்றார் திருநெல்வேலிக்காரர். ஒரு சாணுக்குக் கீழே பச்சை பூத்த பித்தளைப் பொத்தான். கழுகு, அதன் நெஞ்சுக் கேடயத்தில் ஆங்கில 'ஐ' (I) எழுத்து. இன்ஃபன்ட்ரி, அதாவது காலாட்படை. சாதாரணச் சிப்பாயின் பொத்தானில் பெரும்பாலும் எழுத்து இருக்காது, இது அதிகாரியின் கோட்டு.

எதைக் கண்டெடுத்தாலும் முதல் உரிமை விவசாயிக்கு என்பது எங்கள் ஒப்பந்தம். குண்டு, கொக்கி எதையும் இதுவரை அவர் கேட்டதில்லை. இதைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருக்கிறது, போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன்.

நவம்பரில் சோளம் அறுத்ததும் மறுபடி கிளம்புகிறோம். அதற்குள் காயில் காதுக்கு இன்னொரு பூச்சு எபாக்சி போட வேண்டும்.