லீவில் வந்த இடத்தில் டான்சிலை எடுத்துவிடலாமா? மதுரை அனுபவம்

ஊருக்குப் போகிறோம் என்றாலே, பல், கண், காது எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள் என்று இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் பட்டியலில் மகனின் டான்சிலும் இருந்தது. அவனுக்கு ஆறு வயது. குளிர்காலம் முழுக்கத் தொண்டை வலி, காய்ச்சல், பள்ளிக்கு லீவு. லீட்ஸில் எங்கள் டாக்டரோ, ஒவ்வொரு முறையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், இப்போதைக்கு ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மதுரையில் இறங்கிய மறுநாளே அவன் வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் வெளிச்சத்தில் பார்த்த அம்மா தீர்ப்பு எழுதிவிட்டார். "நல்லா சதை வளந்து கெடக்கு. அங்கிட்டுப் போயி வருசக்கணக்கா காத்துக் கெடக்காம இங்கிட்டே எடுத்துட்டுப் போயிரு தாயி."

முதலில் போனது ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. வேகத்தைக் குறை சொல்லவே முடியாது. காலையில் போன் செய்தால் சாயங்காலம் டோக்கன். கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை எவ்வளவு இருக்கிறது என்று டிவியில் காட்டினார்கள். லீட்ஸில் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. டாக்டர் தொண்டையைப் பார்த்தார். "டான்சில் சைஸ் கிரேடு 3. எடுத்துடலாம்." அவ்வளவுதான். அடுத்து பில்லிங் பக்கம் ஒரு பெண் பேக்கேஜ் தாளை நீட்டி, "நாளைக் கழிச்சு தியேட்டர் ஃப்ரீயா இருக்கு மேடம், போட்டுரவா?" என்றார். பிள்ளைக்கு எத்தனை முறை தொண்டை வீங்கியது, ராத்திரி எப்படித் தூங்குகிறான், எப்போது விமானம் ஏறுகிறோம், இதில் எதையும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அங்கேயே மனசு ஒட்டவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமா என்றும் பேச்சு வந்தது. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு அங்கேதான் செலவில்லாமல் டான்சில் எடுத்தார்கள். ஆனால் சித்தப்பா தல்லாகுளம் பக்கம் உள்ள ஒரு வயதான இஎன்டி டாக்டரிடம் அழைத்துப் போனார். மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னால் இரண்டு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பெயர் கூப்பிடும் கம்பவுண்டர். எங்கள் முறை வர ராத்திரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. உள்ளே போனால் கேள்வி மேல் கேள்வி. வாயைத் திறந்து தூங்குகிறானா? குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி வருகிறதா? படுக்கையில் ஒன்றுக்குப் போகிறானா? அவன் தூங்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சு தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வரச் சொன்னார். காட்டினோம். லேசான குறட்டை மட்டும்தான். மூச்சு ஒரே சீராகப் போனது.

அப்புறம் எங்கள் டைரியைப் புரட்டினார். டான்சிலை எடுக்க ஒரு கணக்கு உண்டாம்: தொண்டை வீக்கம் ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 முறை வந்திருக்க வேண்டும். லீட்ஸில் கேட்ட அதே கணக்கு! 1984-இல் பிட்ஸ்பர்க்கில் பாரடைஸ் என்ற டாக்டரின் குழு வெளியிட்ட ஆய்வை ஒட்டி வந்தது என்றார். சும்மா தொண்டை கரகரப்பு இதில் சேராது. காய்ச்சலோ, கழுத்தில் நெறி கட்டுவதோ, டான்சிலில் சீழோ இருக்க வேண்டும். எங்கள் டைரி அதில் பாதிகூடத் தேறவில்லை. டான்சில் பெரிதாக இருப்பது மட்டும் காரணமாகாது, இந்த வயதில் பெரிதாகத்தான் இருக்கும், வளர வளரச் சுருங்கும் என்றார். மூச்சு நின்று நின்று வந்திருந்தால் எண்ணிக்கையே பார்க்காமல் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பாராம்.

ஜிகர்தண்டாதான் காரணம் என்று அம்மா ஒரு புகாரை வைத்தார். "குளிர்ச்சியால இது வராதும்மா, கிருமியாலதான் வரும். ஆபரேஷன் பண்ணின பிள்ளைக்கே ஐஸ்கிரீம் கொடுக்கத்தானே செய்றோம்" என்று டாக்டர் சிரித்தார். அம்மா நம்பவில்லை. வீட்டில் சித்தரத்தைக் கஷாயம் தொடர்ந்தது.

அவர் கோபப்பட்டது ஒரே விஷயத்துக்குத்தான். போன வருடம் காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் கொடுத்ததாக அம்மா சொன்னதும் முகம் மாறிவிட்டது. பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. அதற்கு அந்த மாத்திரை தேவையே இல்லை. ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா கிருமி என்றால் பென்சிலின் வகை மருந்தை 10 நாள் முழுதாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு வரை போகலாம் என்றார்.

கடைசியாகத்தான் ஊருக்குத் திரும்பும் தேதியைக் கேட்டார். ஆபரேஷனுக்குப் பின் ரத்தக் கசிவு முதல் 24 மணி நேரத்தில் வரலாம். பொருக்கு உதிரும்போது, அதாவது 5 முதல் 10 நாளுக்குள், மறுபடியும் வரலாம். எங்கள் விமானம் சரியாக அந்த நாட்களில்தான். எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு, எடுக்க வேண்டாம் என்ற முடிவோடு கிளம்பினோம்.

உங்கள் பிள்ளைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மதுரையில் செய்யத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் லீவின் தொடக்கத்திலேயே செய்துவிட்டு, அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரம் ஊரில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். பேக்கேஜ் தாளைக் கையில் கொடுக்கும்போது, மயக்க டாக்டர் ஃபீஸும் இதில் அடக்கமா, நடுராத்திரி ரத்தம் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று இரண்டையும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.