மறுமணப் பதிவுக்காக நான் சென்ற திருமணத் தகவல் மையம்

திருச்சி தில்லைநகரில் இருக்கும் இந்தத் திருமணத் தகவல் மையத்தில் 2023 ஜனவரியில் மறுமணத்துக்காகப் பதிவு செய்தேன். 2024 ஆவணியில் வயலூர் முருகன் கோயிலில் எனக்குத் திருமணம் நடந்தது. குழந்தையோடு தனியாக வாழும் பெண்கள் யாரேனும் இங்கே போகலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தால் அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

2016-இல் எனக்கு விவாகரத்து ஆனபோது என் மகளுக்கு நான்கு வயது. அதன்பின் இரண்டு முறை மனம் உடைந்தேன். ஒரு செயலி வழியாக அறிமுகமானவர் ஐந்து மாதம் அன்பாகப் பேசிவிட்டு, நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் வேளையில், மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு வர முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் தன்னை விவாகரத்தானவர் என்றே சொல்லிப் பழகினார். வழக்கு இன்னும் குடும்பநல நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் அறிந்தேன். அதற்குள் என் மகள் அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிடப் பழகியிருந்தாள். அவர் ஏன் வருவதில்லை என்று அவள் கேட்ட நாள்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

திருமண இணையதளங்கள் பயனாளர்களின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும் என்று மத்திய அரசு 2016 ஜூனில் அறிவுறுத்தியது. ஆனால் அடையாளச் சான்று ஒருவர் யார் என்று சொல்லுமே தவிர, முந்தைய மணத்திலிருந்து சட்டப்படி விடுபட்டவரா என்று சொல்லாது. இந்த மையத்தில் மறுமணப் பிரிவைக் கவனிக்கும் அம்மா, விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையோ, துணையை இழந்தவரானால் இறப்புச் சான்றிதழையோ கையில் வாங்கிப் படித்துப் பார்த்த பிறகே பதிவேட்டைத் திறக்கிறார். மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டதா என்றும் கேட்கிறார். என்னையும் அப்படித்தான் கேட்டார். சந்தேகப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை, நிம்மதியாகவே இருந்தது.

மறுமண விளம்பரங்களைப் படித்தவர்களுக்குக் ‘குழந்தை தடையில்லை’ என்ற சொற்றொடர் நன்றாகத் தெரியும். பெருந்தன்மையோடு எழுதப்படுவதுதான், ஆனாலும் ஒவ்வொரு முறை படிக்கும்போதும், என் பெண் ஏன் ஒரு தடையாக எண்ணப்பட வேண்டும் என்று வலிக்கும். இங்கே விண்ணப்பத்தை நிரப்பி முடித்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, “பாப்பாவுக்கு எது பிடிக்காதும்மா?” என்பது. அவளுடைய புத்தகப்பையை வேறு யாரும் தொடுவது பிடிக்காது என்றேன். அதையும் என் பெயருக்குக் கீழே பென்சிலால் எழுதிக்கொண்டார்.

முதலில் காட்டிய இரண்டு வரன்களும் ஒத்துவரவில்லை. மூன்றாவதாக வந்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர், மனைவியை நோயில் இழந்தவர். அவர் என்னிடம் முதலில் கேட்டது, திருமணம் ஆனால் மகள் பள்ளி மாற வேண்டியிருக்குமா, அதில் அவளுக்கு வருத்தம் இருக்குமா என்பதுதான். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் முக்கொம்புக்குப் போனோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. டியூஷனிலிருந்து நேரே வந்திருந்ததால் மகளின் தோளில் பை இருந்தது. அவர் பையைத் தொடவில்லை; தான் நனைந்தபடி குடையை மட்டும் பையின் மேல் சாய்த்துப் பிடித்து நடந்தார். பென்சிலால் எழுதிய வரியை அந்த அம்மா அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே அவர்மீது எனக்குப் பிரியம் வந்துவிட்டது என்று சொல்ல எனக்குக் கூச்சம் ஏதுமில்லை.

மணம் முடிப்பதற்கு முன்பே மையத்தில், மறுமணம் செய்ததாலேயே அவர் என் மகளுக்குச் சட்டப்படி தந்தையாகிவிட மாட்டார் என்பதையும், தத்தெடுக்க விரும்பினால் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி பொதுவாகப் பெற்ற தந்தையின் சம்மதம் வேண்டும் என்பதையும் விளக்கி, வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னார்கள். மகளின் முன்னெழுத்தை இப்போதைக்கு மாற்றுவதில்லை என்று அவளையும் வைத்துக்கொண்டே முடிவு செய்தோம். திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிவு செய்யும்படி நினைவூட்டியதும் இவர்கள்தாம்.

குறைகளும் உண்டு. ஆறு மாதத்துக்கு 3,500 ரூபாய் கட்டணம்; வரன் அமையாவிட்டாலும் திருப்பித் தருவதில்லை, நான் மூன்று முறை கட்டினேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அலுவலகம் திறப்பதில்லை. ஒருமுறை என்னைக் கேட்காமலே ஒரு பணியாளர் என் கைப்பேசி எண்ணை ஒரு வீட்டாரிடம் கொடுத்துவிட்டார். நேரில் போய்க் கண்டித்துப் பேசிய பிறகு, என் அனுமதி இல்லாமல் தரக்கூடாது என்று பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார்கள். நீங்கள் பதிவு செய்யும் முதல் நாளே அப்படி எழுதச் சொல்லுங்கள்.

மறுமணப் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது, படிகள் செங்குத்தானவை. வயதான பெற்றோரோடு வருபவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னால், அந்த அம்மாவே பதிவேட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து பேசுகிறார்.