இப்போ யார் முறை? சண்டையை வேகமாக்கும் வழிகள், அருகருகே வைத்து

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு (ரோல்பிளேயிங்) ஒன்றை ஐந்து பேர் விளையாடுகிறார்கள், அவர்களைத் தவிர கதையையும் எதிரிகளையும் நடத்தும் கேம் மாஸ்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தன் முறைக்கு 2 நிமிடம் எடுக்கிறார். எதிரிகள் அனைவரையும் நகர்த்த கேம் மாஸ்டருக்கு 4 நிமிடம். ஆக ஒரு சுற்றுக்கு 14 நிமிடம். அதில் நீங்கள் விளையாடுவது 2 நிமிடம், காத்திருப்பது 12 நிமிடம். டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் கணக்கில், கதைக்குள் கடந்த நேரம் வெறும் 6 விநாடி.

அந்த 12 நிமிடம்தான் பிரச்சினை. அதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் எல்லாம் ஒரே இடத்தில் கை வைப்பதில்லை. சில, யாருக்கு அடுத்து யார் என்ற வரிசையை மாற்றுகின்றன. சில, பகடை வேலையைக் குறைக்கின்றன. சில, சண்டை எப்போது முடிகிறது என்பதையே மாற்றுகின்றன. பெரும்பாலான கேம் மாஸ்டர்கள் முதலாவதில் தொடங்கி இரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். நான் நடத்திப் பார்த்தவரை, அதிகப் பலன் மூன்றாவதில்தான் இருக்கிறது.

வரிசை

ஆளுக்கொரு தடவை இருபது முகப் பகடையை உருட்டி, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு வரிசைப்படுத்துவது எல்லோருக்கும் பழகிய முறை. இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு: வாய் திறக்கத் தயங்கும் ஆளுக்கும் கட்டாயம் ஒரு முறை வரும். ஆனால் கதவு உடைந்து எதிரி உள்ளே பாயும் அந்த நொடியில் கேம் மாஸ்டர் பேப்பரும் பேனாவும் எடுத்து எண்களைக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. சூடு அங்கேயே ஆறிவிடுகிறது. அப்புறம், தன் முறை முடிந்தவர் அடுத்தது வர நேரமாகும் என்று தெரிந்ததும் போனை எடுத்துவிடுகிறார்.

1981-இல் வந்த டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் தொகுப்பு வேறு வழியில் போகிறது. அணிக்கு ஒரு ஆறுமுகப் பகடை, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக உருட்ட வேண்டும். ஜெயித்த அணி முழுதும் முதலில் ஆடும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் யோசிக்கிறார்கள். ஒருவர் உருட்டும்போதே இன்னொருவர் மந்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். காத்திருக்கும் நேரம் திட்டம் போடும் நேரமாக மாறுகிறது. ஆனால் ஆபத்தும் இருக்கிறது. ஜெயித்த அணி எதிரணியை அசையவிடாமலே முடித்துவிடலாம். எதிரிகள் ஜெயித்தால், 6 ஹிட் பாயிண்ட் (விழும் முன் தாங்கக்கூடிய அடியின் அளவு) வைத்திருக்கும் மந்திரவாதி ஒரு வார்த்தை பேசும் முன்பே விழுந்துவிடுவார். இதற்கு நான் வைத்திருக்கும் மாற்று எளியது. முதல் சுற்றில் மட்டும் ஒவ்வொரு வீரரும் எதிரியின் ஒரே எண்ணை எதிர்த்து உருட்ட வேண்டும். அதைத் தாண்டியவர்கள் எதிரிக்கு முன்னால், மற்றவர்கள் பின்னால். அதன்பின் இரு அணியும் மாறி மாறி ஆடினால் போதும்.

2012-இல் வந்த மார்வெல் ஹீரோயிக் ரோல்பிளேயிங்கால் பரவிய வழி, முறையைக் கைமாற்றுவது. ஆடி முடித்தவர் அடுத்தவரைச் சுட்டுவார். கடைசியாக ஆடியவர் அடுத்த சுற்றின் முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பார். எண்ணே வேண்டாம், எப்போது தன் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். இதன் அழகு, பேராசைக்குத் தண்டனை தானாகவே வந்துவிடுவது. வீரர்கள் தங்களுக்குள்ளேயே முறையைச் சுற்றவிட்டு எதிரிகளைக் கடைசிக்குத் தள்ளினால், கடைசி எதிரி அடுத்த சுற்றையும் தன் கூட்டாளிக்கே கொடுத்துவிடும். வரிசையாக இரண்டு தடவை அடி வாங்க வேண்டியதுதான். ஒருமுறை அப்படி வாங்கிய குழு, பிறகு ஒவ்வொரு கைமாற்றத்தையும் நிதானமாக யோசித்துச் செய்யும். அங்கேதான் வேகம் கொஞ்சம் போய்விடுகிறது.

வரிசையே இல்லாத வழியும் உண்டு. 2010-இன் அபோகலிப்ஸ் வேர்ல்டும் அதன் வழி வந்த விளையாட்டுகளும் அப்படித்தான். கதை யாரிடம் நிற்கிறதோ அவரிடம் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேம் மாஸ்டர் கேட்கிறார். நான்கிலும் வேகமானது இதுதான். ஆனால் யாரையும் மறக்காமல் சுற்றிவரும் முழுப் பொறுப்பும் ஒரே தலையில் ஏறுகிறது.

நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்தால் என் தேர்வு அணி முறை. மணற்கடிகாரம் வைத்து ஒரு நிமிடத்துக்குள் ஆடச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். புதிதாக வந்தவரைத்தான் அது பதற வைக்கிறது. "இப்போ நீங்கள், அடுத்து அவர், தயாராகுங்கள்" என்று இருவரையும் சேர்த்து அழைத்தால் அதே வேலை நடந்துவிடும்.

பகடை

அடி பட்டதா என்று காட்டும் தாக்கும் பகடையையும், எவ்வளவு சேதம் என்று காட்டும் டேமேஜ் பகடையையும் ஒரே கையில் சேர்த்து உருட்டுங்கள். எதிரியின் டேமேஜுக்குச் சராசரி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்; ஐந்தாம் பதிப்பின் எதிரிகள் பட்டியல் புத்தகமான 2014 மான்ஸ்டர் மேனுவலில் அது அச்சாகியே இருக்கிறது. கோப்ளின் என்ற குட்டி எதிரியின் வாள் அடிக்கு 5, ஓகர் என்ற பெரிய அரக்கனின் தடியடிக்கு 13. இரண்டுக்கும் செலவே இல்லை, இன்றே தொடங்கலாம். ஆனால் மிச்சமாகும் நேரமும் சொற்பம்தான், ஏனென்றால் உருட்டும் நேரத்தைவிட வீணாகும் முறைகள்தான் மனத்தைச் சோர்வாக்குகின்றன. கணக்குப் பாருங்கள்: அந்தக் கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் (அடி பட உருட்டல் எட்ட வேண்டிய எண்) 15. உருட்டலோடு கூட்டிக்கொள்ள உங்களிடம் +5 இருந்தால், இருபதில் ஒன்பது தடவை அடி தவறும். 12 நிமிடம் காத்திருந்து, உருட்டி, "தவறிவிட்டது" என்று கேட்டுவிட்டு மறுபடி 12 நிமிடம்.

இன்டு தி ஆட், கெய்ர்ன் போன்ற விளையாட்டுகள் அந்த உருட்டலையே எடுத்துவிட்டன. தாக்கினால் பட்டது, நேராக டேமேஜ் பகடை, அதிலிருந்து கவசத்தின் எண்ணைக் கழித்தால் சரி. எந்த முறையும் சும்மா போவதில்லை. சண்டைக்குள் இறங்குவதே பயமாக இருப்பதால் ஆட்கள் முன்கூட்டியே யோசிக்கிறார்கள். ஐந்தாம் பதிப்பில் இதை அப்படியே ஒட்டவைக்க முயலாதீர்கள். அங்கே பல திறமைகள் தாக்கும் உருட்டலை நம்பியே எழுதப்பட்டவை.

முடிவு

எங்கள் மேசையில் ஒரு சண்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. அதில் கடைசி முக்கால் மணி நேரம் யார் ஜெயிப்பார்கள் என்ற கேள்வியே இல்லை. மிச்சமிருந்த மூன்று எதிரிகளின் ஹிட் பாயிண்டை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தோம். எந்த இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசை) முறையும் அந்த முக்கால் மணி நேரத்தைக் காப்பாற்றியிருக்காது.

ஹிட் பாயிண்டைப் பாதியாக்கி டேமேஜை இரட்டிப்பாக்குவது பலர் செய்வது. 59 ஹிட் பாயிண்ட் ஓகர் 30-க்கு இறங்கும், ஆனால் அதன் 13 அடி 26 ஆகும். தொடக்க நிலை வீரர் ஒரே அடியில் சாய்வார். ஒன்றரை மடங்கோடு நிறுத்துவது நல்லது. 2008-இன் நான்காம் பதிப்பு தந்த மினியன்கள் கூட்டச் சண்டைக்கு அருமையானவை: ஒரே ஒரு ஹிட் பாயிண்ட், பட்டால் போயிற்று, கணக்கு எழுத ஒன்றுமில்லை. ஆனால் மூன்றே எதிரிகள் இருக்கும் இடத்தில் இது உதவாது. தர்டீன்த் ஏஜ் (2013) மேசை நடுவில் ஒரு ஆறுமுகப் பகடையை வைக்கிறது. இரண்டாம் சுற்றில் 1, மூன்றாவதில் 2 என்று ஏறி 6 வரை போகும். வீரர்கள் அந்த எண்ணைத் தங்கள் தாக்குதலில் கூட்டிக்கொள்ளலாம். சண்டை நீள நீள அடி தவறுவது குறையும். எண் ஏறுவதை எல்லோரும் பார்க்க முடிவதே ஒரு விறுவிறுப்பு.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது எதிரியின் மன உறுதியைச் சோதிக்கும் பழைய மொரேல் விதியை. 1981 பேசிக்கில் கோப்ளினின் மொரேல் 7. அவர்களில் முதல் ஆள் செத்ததும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும், பாதிப் பேர் விழுந்ததும் மறுபடி. கூட்டு 7-ஐத் தாண்டினால் அவை ஓடும் அல்லது சரணடையும். அதற்கான வாய்ப்பு 36-இல் 15. ஒரே உருட்டலில் ஆறு ஏழு சுற்று மிச்சமாகலாம். எதிரிக்கும் உயிர்மேல் ஆசை உண்டு என்பது வீரர்களுக்குத் தெரிந்துவிட்டால், தலைவனை முதலில் வீழ்த்துவது, மிரட்டுவது, விலை பேசுவது என்று அவர்கள் ஆடும் விதமே மாறுகிறது. உணர்ச்சியற்ற எலும்புக்கூடுகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் மொரேல் 12.

கட்டம் போட்ட வரைபடத்தில் ஒவ்வொரு அடியையும் அளந்து விளையாடுவதே இன்பம் என்றிருக்கும் குழுக்களும் உண்டு. அவர்களுக்கு நீளமான சண்டை குறையில்லை. அடுத்தவரை முன்கூட்டியே அழைக்கும் பழக்கம் மட்டும் போதும். மற்ற குழுக்களுக்கு நான் முதலில் வைப்பது மொரேல், அடுத்து அணி முறை, பிறகு சராசரி டேமேஜ்.

இப்படி மாற்றியபின் நடந்த முதல் சண்டையில், மூன்றாவது சுற்றிலேயே நான்கு கோப்ளின்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடின. மேசையில் ஒருவர்கூடப் பகடையைத் தொடவில்லை. துரத்துவதா விடுவதா என்று அரைமணி நேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.